வெள்ளைத்தாள் மனு

அக்காவின் கல்யாணப் பத்திரிகை இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. 1986-இல் அச்சடித்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு தொலைபேசி எண், அதன் பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்கித்தான் சொல்ல வேண்டும். அந்த எண் எங்களுடையது அல்ல. மூன்று வீடு தள்ளியிருந்த ரைஸ் மில்காரருடையது. அவசரமென்றால் அந்த எண்ணில் கூப்பிடலாம், அவர்கள் ஆள் அனுப்பி எங்களை வரவழைப்பார்கள். மில்லில் வேலை பார்த்த பையன் தெருமுனையிலிருந்தே “சார், மெட்ராஸ் போன்!” என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். அப்பா சட்டைக்குள் ஒரு கையை நுழைத்தபடியே ஓடுவார். அவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே, வந்தது நல்ல செய்தியா இல்லையா என்று வாசலில் நிற்கும் அம்மா தெரிந்துகொள்வாள். தாத்தா இறந்த செய்தியும் எனக்கு வேலை கிடைத்த செய்தியும் மில்காரர் வீட்டுக் கூடத்தில்தான் வந்து சேர்ந்தன.

அப்பா தொலைபேசிக்கு மனுப் போட்டது 1983-இல். கிடைத்தது 1991-இல். இதை யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. சிற்றூர் எக்ஸ்சேஞ்சில் இத்தனை இணைப்புதான் தாங்கும் என்று ஒரு கணக்கு இருந்தது. அது நிரம்பிவிட்டால், யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது புது எக்ஸ்சேஞ்ச் வர வேண்டும். 1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, நம் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய மின்னணு எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கிய பிறகுதான் ஊர்ப்புறத்தில் அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. அப்படியும் 1994-இல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, நாட்டில் நூறு பேருக்கு 0.8 தொலைபேசிதான் இருக்கிறது என்று எழுதியது. கூடுதல் டெபாசிட் கட்டினால் முன்னுரிமை கிடைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. எம்.பி. சிபாரிசுக் கடிதம் என்ற வழியும் இருந்தது. கூட்டுறவு வங்கிக் காசாளரான அப்பா முதலாவதற்கு வசதியில்லாதவர், இரண்டாவதற்கு மனமில்லாதவர். “வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல, வரும்போது வரட்டும்” என்பார்.

ஒருநாள் டிமாண்ட் நோட் வந்தது. பணம் கட்டச் சொல்லும் அந்தத் தாளை அப்பா சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். பணம் கட்டிய சில நாளில் லைன்மேன் தோளில் கறுப்புக் கம்பிச் சுருளோடு வந்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. வேலை முடிந்து டயல் டோன் கேட்டதும் ரிசீவரை முதலில் அம்மாவிடம்தான் கொடுத்தார். அம்மா கேட்டுவிட்டு, “யாரும் பேசலையே, உய்ங்னு சத்தம்தான் வருது” என்றாள். “அந்தச் சத்தம் வந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம்மா” என்றார் லைன்மேன். அன்று அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

சாம்பல் நிறக் கருவி, விரலை விட்டுச் சுற்றும் டயல். அம்மா பழைய பட்டுப்புடவை முந்தானையில் அதற்கு ஓர் உறை தைத்தாள். எஸ்.டி.டி. வசதி வந்தபோது டயலில் ஒரு சின்னப் பூட்டும் ஏறியது. இரவு கட்டணம் குறையும் நேரத்துக்காகக் கண்விழித்திருந்து அக்காவிடம் பேசுவோம். அந்தப் பதினாறு ஆண்டுகளில் எங்கள் எண்ணைப் பி.பி. போட்டு எத்தனை கல்யாணப் பத்திரிகைகள் வந்தன என்று கணக்கு வைக்கவில்லை. மில்லிலிருந்து ஓடிவந்த அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகை அவற்றில் ஒன்று.

அப்பா 2006-இல் இறந்தார். மறு வருடம் அம்மாவைச் சென்னைக்கு என்னோடு அழைத்துவர முடிவானது. வீட்டைப் பூட்டுமுன் தொலைபேசியைச் சரண்டர் செய்ய வேண்டும். இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா முந்தின நாள் இரவே ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுதினாள். என் கணவர் பெயரில் உள்ள தொலைபேசி, அவர் காலமாகிவிட்டார், நான் மகன் வீட்டுக்குப் போகிறேன், இணைப்பை எடுத்துவிட்டு டெபாசிட்டைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலு வரி. காலையில் கருவியை ஈரத்துணியால் துடைத்து, ஒயரைச் சுற்றி, ஒரு துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். கடைசி பில் கட்டிய ரசீது, இறப்புச் சான்றிதழின் நகல் இரண்டும் என் கையில்.

கவுண்டரில் இருந்தவர் தாளைப் படித்தார். நிமிர்ந்து, “காசாளர் சார் வீட்டு நம்பராம்மா?” என்று கேட்டார். அம்மா தலையசைத்தாள். “வேணும்னா உங்க பேருக்கு மாத்தி வெச்சுக்கலாம்மா. நம்பர் போயிட்டா திரும்ப இதே நம்பர் கிடைக்காது.” “யாரு இருக்கா பேசுறதுக்கு? எடுத்துடுங்க” என்றாள் அம்மா. அவர் மறுபடி கேட்கவில்லை. துண்டைப் பிரித்துக் கருவியைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், ரசீது கொடுத்தார். உறையை மட்டும் மடித்து அம்மாவிடமே திருப்பித் தந்தார். பத்தரை மணிக்குப் போனோம், பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிட்டோம். கடைசி பாக்கியைக் கழித்துக்கொண்டு டெபாசிட் தொகைக்கான காசோலை பிறகு சென்னை முகவரிக்கு வந்தது.

ஒரே ஒரு முறை கேட்டார் அந்த மனிதர். அதுவும் எங்கள் நன்மைக்காக. எனக்கு அது அன்று பெரிதாகப் படவில்லை.

இனி 2022. சென்னைக் குடியிருப்பு. ஆறு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் தொலைபேசியும் பிராட்பேண்டும் சேர்ந்த இணைப்பு வைத்திருந்தேன். மழை வந்தால் அறுந்துபோகும், வீட்டிலிருந்து வேலை செய்யும் மகளுக்குப் போதவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறுவதென்று ஜூன் முதல் வாரத்தில் தீர்மானித்தோம். காலை பதினோரு மணிக்குப் புது நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மாலை நாலு மணிக்கு இரண்டு இளைஞர்கள் ஏணியோடு வந்தார்கள். ஆதார் எண், ஒரு ஓ.டி.பி., சுவரில் ஒரு துளை. ஐந்தரைக்கு இணையம் ஓடியது. அப்பாவின் எட்டு ஆண்டுகள் ஆறரை மணி நேரமாகச் சுருங்கியதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. இதற்காக உழைத்த பொறியாளர்களையும், கம்பம் ஏறும் பிள்ளைகளையும் நான் மனதார வாழ்த்துகிறேன்.

மறுநாள் பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லக் கூப்பிட்டேன்.

புது இணைப்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது குரல். வேகத்தைக் கூட்ட இரண்டு. பில் கட்ட மூன்று. பழுதுக்கு நாலு. நிறுத்துவதற்கு எண்ணே இல்லை. செயலியிலும் தேடினேன், இல்லை. நாலை அழுத்தி, காத்திருந்து, ஒரு மனிதக் குரலைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். “உங்க ரிக்வெஸ்ட் எடுத்துக்கிட்டேன் சார். ரிடென்ஷன் டீம்லேர்ந்து கூப்பிடுவாங்க, அவங்ககிட்ட கன்ஃபர்ம் பண்ணினாத்தான் க்ளோஸ் ஆகும்.”

கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வேறு ஆள், முதலிலிருந்து அதே கேள்வி. முதல் நாள் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள். இரண்டாம் முறை வேகம் இரட்டிப்பு. மூன்றாம் முறை பாதி விலை. ஆறு வருடம் தவறாமல் கட்டியவனிடம் ஒரு நாளும் சொல்லாத விலையை, போகிறேன் என்றவனிடம் சொன்னார்கள். அப்படியானால் இன்னும் போகாமல் இருக்கிற என் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதாமாதம் எவ்வளவு அதிகம் கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

நான்காவதாகப் பேசியது ஒரு பெண். தென்மாவட்டப் பேச்சு. என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். நான் சற்றுக் கோபமாகவே பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சார், நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா இன்னிக்கு என் கணக்குல ஒண்ணு குறையும் சார். ஒரு மாசம் மட்டும் வெச்சுப் பாருங்களேன்” என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வெளியேறும் வாசலில் இந்தப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளர், அவர்களை அங்கே நிறுத்தியவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

எட்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. நிம்மதியாக இருந்தேன். ஜூலையில் பில் வந்தது, ஆட்டோ-பேயில் பணமும் போனது. விசாரித்தால், ‘வாடிக்கையாளர் தொடரச் சம்மதித்தார்’ என்று பதிவாகியிருந்தது. கோரிக்கையை முடித்துவைத்திருந்தார்கள், இணைப்பை அல்ல.

அதன் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதையெல்லாம் எப்போதோ எழுதி வைத்திருக்கிறது. அப்போது நடப்பிலிருந்த 2009-ஆம் ஆண்டின் சேவைத் தர விதிகள்படி, கேட்ட ஏழு நாளுக்குள் தொலைபேசி இணைப்பை நிறுத்த வேண்டியிருந்தது. டெபாசிட்டை அறுபது நாளுக்குள் திருப்பித் தர வேண்டியிருந்தது. பிராட்பேண்டுக்கும் அதே அறுபது நாள் கெடுவை 2006 விதிகளே சொல்லியிருந்தன. புகார் எண் வாங்கியும் தீராவிட்டால், அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 2012 விதி. புகார் எண்களைத் தேதிவாரியாக எழுதி மேல்முறையீடு அனுப்பினேன். ஆகஸ்டில் இணைப்பு நின்றது, ஜூலைப் பணமும் டெபாசிட்டும் பின்னால் வந்தன. ரூட்டரை எடுக்க வந்த தம்பியிடம் ரசீது இல்லை. ஒரு தாளில் கருவியின் வரிசை எண்ணை எழுதி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கி, படமும் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆன வேலை. இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அம்மா, “ஏம்ப்பா, அன்னிக்கு நான் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேனே, அது போதாதா இப்பல்லாம்?” என்று கேட்டாள்.

எனக்குப் படிக்கத் தெரியும், மேல்முறையீடு எழுதத் தெரியும், நேரமும் இருந்தது. இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு விடை எங்கள் கட்டடத்திலேயே இருந்தது.

நான் அலைந்த கதை காதில் விழுந்து, மேல்வீட்டு அம்மா ஒருநாள் பாஸ்புக்கோடு வந்தார். எழுபது தாண்டியவர், குடும்பப் பென்ஷனில் தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். “இது என்னன்னு பாருங்க தம்பி. மாசா மாசம் எழுநூத்தி ஆறு ரூவா எண்பத்திரெண்டு பைசா போகுது.” பார்த்தேன். 599 ரூபாய்த் திட்டம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அவர் கணவர் 2020-இல் இறந்திருந்தார். வீட்டு பிராட்பேண்ட் அவர் பெயரில் இருந்தது, கூட்டுக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் கணினியே இல்லை. ரூட்டர் ஒரு மூலையில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. “அவர் வெச்சது, நான் தொடலை” என்றார். 23 மாதங்கள். பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல்.

என் முன்னாலேயே அவர் கூப்பிட்டார். பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள் என்றார்கள். அந்தக் கைபேசி ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போயிருந்தது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றது மறுமுனை.

“சார்கிட்ட போனைக் குடுங்க மேடம்.”

“அவர் இல்லப்பா.”

“எப்ப வருவாரு?”

அந்த அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கேட்ட பையன் மீது தப்பில்லை. அவன் முன்னால் இருந்த திரையில் ‘இறந்துவிட்டார்’ என்று அழுத்த ஒரு கட்டம் இருந்திருக்காது. அம்மாவின் மனுவை வாங்கிக்கொண்ட கவுண்டர்காரருக்குத் திரையே கிடையாது. எதிரில் நின்றவளின் நெற்றியைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டார், மீதிக்குச் சான்றிதழ் நகல் போதுமானதாக இருந்தது.

நாங்கள் மறுபடி பழைய வழிக்கே போனோம். அவர் கைப்பட ஒரு வெள்ளைத்தாள் மனு, இறப்புச் சான்றிதழ் நகல், மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். வங்கிக்கு நேரில் போய் ஆட்டோ-பே உத்தரவை நிறுத்தினோம். ஐந்து வாரத்தில் இணைப்பு நின்றது. போன பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. “இந்த வயசுல நான் படியேறணுமா தம்பி?” என்றார். அதற்கு மேல் என்னால் வற்புறுத்த முடியவில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கைபேசியில் இதை நாம் தீர்த்துவிட்டோம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி, பதிலுக்கு ஒரு குறியீடு, அதைப் புது நிறுவனத்திடம் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பழைய நிறுவனம் கூப்பிட்டுக் கெஞ்சலாம்; பாக்கி இல்லாதவரைத் தடுக்க முடியாது. வீட்டு இணைப்புக்கு மட்டும் நம் நாட்டில் அந்த வசதி இல்லை. தொலைபேசி எண்ணும் கூட வராது, விடைபெறும் வேலையும் நம் தலையில். பிரிட்டனில் 2024 செப்டம்பரிலிருந்து வீட்டு பிராட்பேண்டுக்கும் தொலைபேசிக்கும் புது நிறுவனத்திடம் சொன்னாலே போதும், பழையதை நிறுத்துவது அவர்கள் பொறுப்பு. நம் அரசும் 2023 நவம்பரில் நுகர்வோரை ஏமாற்றும் பதின்மூன்று இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவை நிறுத்த முடியாதபடி சிக்க வைப்பது அதில் ஒன்று. பட்டியல் போட்டவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். கைபேசிக்குச் செய்ததை வீட்டு இணைப்புக்கும் செய்யுங்கள். அதுவரை ஒவ்வொரு நிறுவனத்தின் செயலியிலும், முதல் பக்கத்தில், புது இணைப்புக்கான பொத்தானின் அளவிலேயே நிறுத்துவதற்கும் ஒரு பொத்தான் வையுங்கள். சந்தாதாரர் இறந்துவிட்டால் துணைவரின் கையெழுத்தும் சான்றிதழ் நகலும் போதும் என்று ஆக்குங்கள். 2007-இல் ஒரு சிற்றூர்க் கவுண்டரில் அது போதுமானதாக இருந்தது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் நிறுவனம் மாறுவதாக இருந்தால் போனில் பேசுவதோடு விடாதீர்கள். மின்னஞ்சலில் தேதியோடு எழுதுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ரூட்டருக்குக் கையெழுத்து வாங்குங்கள். நிறுவனம் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடுங்கள். ஊரில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்கள் பாஸ்புக்கை வாங்கி ஒரு தடவை புரட்டுங்கள். எந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது என்று பார்த்து, அவர்கள் இருவரும் இருக்கும்போதே இருவர் எண்ணையும் அதில் சேர்த்துவிட்டு வாருங்கள்.